ஆயுத பூஜையை விடாத சர்வர்

முழிச்சுக்கிட்டீங்களா தம்பி? நல்ல தூக்கம் தூங்கினீங்க. விருதுநகர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது உங்களுக்கு. உங்க போன் எங்கிட்டதான் இருக்கு, பத்திரமா இருக்கு. வீட்டுக்குப் பேசிட்டேன். பீரோ சாவியை இடுப்புல சொருகிக்கிட்டே பஸ் ஏறிட்டேன்னு சொன்னேன். அதுக்கு என் சம்சாரம் என்ன சொன்னாங்கறதை உங்க போன்ல பேசின கடமைக்கு உங்ககிட்ட சொல்லணும்தான். ஆனா சொல்ல மாட்டேன். என் போன்ல ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு. வர்றது வரும், இங்கேருந்து எதுவும் போகாது.

தரேன், தரேன். எங்கே போயிடப் போகுது. திருச்சி வர்றதுக்கு இன்னும் நேரம் கெடக்கு.

நீங்க தூங்குறதுக்கு முன்னாடி யாருகிட்டயோ பேசினீங்கல்ல, நாளைக்கு விடியக்காலம் எல்லாரும் தூங்குறப்ப சர்வரை மாத்தணும், அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்னு? அது என் காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலை, ஒரே சீட்டுதானே. சர்வர்னு கேட்டதும் நிமிர்ந்து உக்காந்துட்டேன். நானும் அந்தத் துறைதான் தம்பி. சிவகாசியில தவசிலிங்கம் ஆப்செட்னு ஒரு பிரஸ். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, எல்லாம். அந்த சர்வர் ரூமுக்கு நான்தான் பொறுப்பு.

என்ன பொறுப்புன்னு கேக்குறீங்களா? ஏசி.

ஏசின்னா லேசா நினைக்காதீங்க. அந்த ரூம் குளிர் உங்களுக்குத் தெரியாது. டீயை டம்ளர்ல ஊத்தினா பாதி வழியில கம்பி மாதிரி நின்னுடும். ஒடிச்சு ஒடிச்சுத்தான் தின்போம். ஒரு பல்லி இருந்துச்சு, அது குளிர் தாங்காம பகல்ல சர்வர் மேல படுத்துக்கும், சாயங்காலம் எங்களோட வீட்டுக்குக் கிளம்பும். இப்படியாப்பட்ட ரூம்ல நான் நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். பிரஸ் முழுக்க வேர்த்துக் கொட்டும், இந்தச் சீனிச்சாமி மட்டும் சால்வை போத்திக்கிட்டு இருப்பான். அந்த நாற்காலி மேல எத்தனை பேருக்குக் கண்ணு தெரியுமா?

எனக்கு முன்னாடி அங்கே ஒரு இன்ஜினியர் பையன் இருந்தான். மெட்ராஸ்ல வேலை கிடைச்சுப் போயிட்டான். போறப்ப என் பேர்லயே சர்வருக்குள்ள போக ஒரு கணக்குத் திறந்து, "அண்ணாச்சி, சிக்கிக்கிச்சுன்னா இதைத் தட்டி அதை அமுக்குங்க"ன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனான். ஏன் எனக்குச் சொன்னான்? அந்த நேரம் ரூம்ல வேற யாரும் இல்லை.

அதுலேர்ந்து நான் ஒண்ணு ரெண்டு சரி பண்ண ஆரம்பிச்சேன். கவனிங்க தம்பி, மாத்தலை. சரி பண்ணினேன். மாத்துறது வேற, சரி பண்றது வேற. இப்ப, மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணசர்ற நேரத்துக்கு அந்தப் பெட்டி எல்லாக் கணக்கையும் ஒரு தடவை நகல் எடுக்கும். ஃபேன் எல்லாம் ஊளையிடும். இது நியாயமா? நகல் எடுக்க வேண்டாம்னு வச்சேன். ஆபீஸ்ல பொம்பளைப் பிள்ளைகள் மாசா மாசம் பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுதுன்னு அழுதுச்சுங்க. போங்கம்மா, எல்லாரும் ஒரே பாஸ்வேர்ட் வச்சுக்கங்கன்னு வச்சுக் குடுத்தேன். உள்ளே ஒரு இடத்துல எந்தெந்தக் கதவு, போர்ட்டுன்னு போட்டிருக்கும், திறந்திருக்குன்னு வரிசையா காட்டும். பாதிக்கு மேல திறந்து கெடக்கு! கதவைத் திறந்து போட்டா ஏசி என்னத்துக்கு ஆகும்? சாத்தினேன். அந்த வாரம் வெளியூர் ஆர்டர் ஒண்ணுகூட வரலை. வியாபாரம் மந்தம்னு முதலாளி ரொம்பக் கவலைப்பட்டாரு. நானும்தான் கவலைப்பட்டேன். நாம ஒரு பக்கம் இவ்வளவு பாடுபடுறோம், நாட்டுல வியாபாரம் இப்படிப் படுத்துக் கெடக்கேன்னு.

அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா வர ஆரம்பிச்சுது. ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில இன்னொரு வீட்டு மாப்பிள்ளை வந்துட்டாரு. முருகன் காலண்டர்ல கீழே கோழிக்கறிக் கடை விளம்பரம் ஏறிடுச்சு. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, "யாரோ உள்ளே புகுந்து மாத்துறான்யா"ன்னாரு. நான்தான் எந்திரிச்சுச் சொன்னேன், "முதலாளி, அந்தக் களவாணியைக் கண்டுபிடிச்சே ஆகணும். விடக் கூடாது."

அப்படித்தான் முத்துமீனாவை வேலைக்கு எடுத்தாங்க.

நல்ல பிள்ளை தம்பி. திருத்தங்கல் பக்கம். படிச்ச படிப்புக்கு பெங்களூர்ல கூப்பிட்டிருக்காங்க, போகலை. அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணணும், கூட்டிட்டுப் போக வேற ஆளில்லை. உள்ளூர்ல கம்ப்யூட்டர் வேலைன்னு இருக்குறது எங்க பிரஸ் ஒண்ணுதான். இதை ஏன் சொல்றேன்னா, அந்தப் பிள்ளைக்கு இந்த வேலை போனா வேற போக்கிடம் கிடையாது. அது ஒரு நாள் டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. நான் பாதி கேட்டேன், பாதி ஏசி சத்தத்துல கேக்கலை.

வந்த மூணாவது நாளே சொல்லிடுச்சு. "அண்ணாச்சி, சர்வருக்குள்ள நூத்துக்கணக்குல அமைப்பு இருக்கு. எது எப்ப ஓடணும், யாரு உள்ளே வரலாம், எது யாருக்குப் போகணும்னு. எல்லாம் ஒழுங்கா ஓடுற ஒரு நாள் பார்த்து மொத்தத்தையும் ஒரு படம் பிடிச்சு வச்சுக்குவேன். அப்புறம் ஒரு புரோகிராம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தப் படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும். துளி மாறியிருந்தாலும் என் போனுக்கு மெசேஜ் வரும், யாரு மாத்தினாங்கன்னு பேரோட. அதோட நிக்காது, மாறினதைத் தானே பழையபடி திருப்பி வச்சுடும்."

"தானாவா?"

"தானா. ராத்திரி பகல் பார்க்காது, தூங்காது, லீவு கேக்காது."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி. எனக்கு ஒரு உதவியாள் போடுறாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. எத்தனை வருசமா ஒத்தை ஆளாக் கெடந்தேன்.

ஆனா ஒண்ணு. எப்ப படம் பிடிக்கிறது? முத்துமீனா ராத்திரியும் பகலுமா உக்காந்து ஒவ்வொண்ணா நேராக்குச்சு. நான் சாத்தின கதவையெல்லாம் திறந்துச்சு. நான் ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சேன். முடிச்சப்ப ஆயுத பூஜைக்கு முந்தின நாள். "இன்னைக்கே பிடிச்சுடறேன்"னுச்சு. நான் பதறிப்போய் முதலாளிகிட்ட ஓடினேன். ஏன்னா அன்னைக்கு அஷ்டமி! காலண்டர் அடிக்கிற கம்பெனியில அஷ்டமியில ஒரு காரியம் ஆரம்பிக்கலாமா? ஊர் உலகத்துக்கே நல்ல நேரம் அச்சடிச்சு அனுப்புறவங்க நாம.

முதலாளி அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாரு. "ஏம்மா, நாளைக்கு பூஜை. நாளைக்கு ஆரம்பிச்சா என்ன?"

"ஐயா, நாளைக்கு எல்லா மெஷினையும் நிறுத்திப் பூஜை போடுவோமே. சர்வர்லயும் எல்லாம் நிறுத்தித்தான் இருக்கும். நிறுத்தி வச்சதைப் படம் பிடிச்சா, அதுதான் சரியான நிலைன்னு அது நினைச்சுக்கும்."

"நல்ல நேரத்துல எடுத்தா நல்லபடியா நினைச்சுக்கும்மா."

பிள்ளை சரிங்கய்யான்னுச்சு. சூட்டிகையான பிள்ளை. அன்னைக்கு சாயங்காலம் யாருக்கும் சொல்லாம படத்தைப் பிடிச்சு, ஒப்பிட்டுப் பார்க்குறது மட்டும் பூஜை முடிஞ்சு விஜயதசமி காலையில ஆரம்பிக்கிற மாதிரி வச்சுடுச்சு. மறுநாள் பூஜையில முதலாளி அமுக்குறதுக்குன்னு சும்மா ஒரு பட்டன் வச்சுது. அமுக்கினா திரையில பிள்ளையார் வருவாரு, அவ்வளவுதான்.

பூஜை ஜோராத்தான் நடந்துச்சு. வாழைக்கன்னு, மாவிலை, பொரி, அவல். சர்வருக்கு நான் என் கையால சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, சம்பங்கி மாலை போட்டேன். பக்கத்துல பொரித் தட்டு வச்சிருந்தேன். ஃபேன் அவ்வளவு பொரியையும் உள்ளே இழுத்துக்கிச்சு. பின்பக்கமா வெளியே வந்தப்ப ஒவ்வொண்ணும் லேசா வறுபட்டு, அப்படியே கரகரன்னு இருந்துச்சு. எல்லாரும் ஒரு கை அள்ளிக்கிட்டாங்க. முதலாளி பட்டனை அமுக்கினாரு, பிள்ளையார் வந்தாரு, வாசல்ல பூசணிக்காய் உடைச்சாச்சு. எல்லாத்தையும் நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

ஏசியை அணைக்க நான் மட்டும் இருந்தேன். ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்ப்போமேன்னு பார்த்தா, தம்பி, படத்துக்கு நேரா நேத்துத் தேதி! அஷ்டமி! முதலாளியை ஏமாத்திடுச்சே இந்தப் பிள்ளைன்னு நான் கோவப்படலை. சின்னப் பிள்ளை, நல்லது கெட்டது தெரியலை. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கில்ல பழி வரும்? அம்மா வேற அப்படி இருக்கு. அதனால அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்னு சாமியைக் கும்பிட்டுட்டு, நானே புதுசா ஒரு படம் பிடிச்சு வச்சேன். சந்தனமும் மாலையுமா சர்வர் கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. படம் எடுத்தா அப்படி இல்ல எடுக்கணும்?

நவமியும் ஆகாதுன்னு சொல்ல வர்றீங்க. சரஸ்வதி பூஜை நவமிக்கு தோஷம் கிடையாது தம்பி. நாங்களே அச்சடிச்சிருக்கோம்.

அதோட இன்னொண்ணும் பண்ணினேன். மெசேஜ் போற இடத்துல அந்தப் பிள்ளை நம்பர் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல உக்காந்திருக்கும்போது டிங்கு டிங்குன்னு அடிச்சா பிள்ளை பயந்துடாது? அதை எடுத்துட்டு என் நம்பரைப் போட்டேன். சீனியர் நான்தானே.

மாத்தலை. சரி பண்ணினேன்.

மறுநாள் விஜயதசமி. எல்லா மெஷினையும் கிளப்பினாங்க. நல்லா ஓடுச்சு, ஒரு டீ குடிக்கிற நேரம். அப்புறம் எல்லாம் பொசுக்குன்னு நின்னுடுச்சு. அச்சுக்கு முன்னாடி ஒவ்வொரு படத்துக்கும் தகட்டுல பிளேட் எடுக்கணும். பிளேட் எடுக்கிற மெஷினுக்கு படம் சர்வர்லேர்ந்துதான் வரணும். சர்வர் குடுக்க மாட்டேங்குது. முத்துமீனா ஓடி வந்து கிளப்பி விடும். ஓடும். அஞ்சு நிமிஷத்துல மறுபடி நிக்கும். கிளப்பும். நிக்கும். ஊர்ல எல்லாரும் பூஜையை முடிச்சுப் பொரியையும் தின்னு தீர்த்துட்டாங்க, எங்க சர்வர் மட்டும் ஆயுத பூஜையை விடவே மாட்டேன்னு உக்காந்துடுச்சு.

ஃபோர்மேன் அந்தோணிராஜ் வந்து கதவுல நின்னுக்கிட்டு, "என்ன பாப்பா, உன் பெட்டி எப்பத்தான் பூஜை முடிக்கும்? நான் வேணா வேளாங்கண்ணிக்கு ஒரு மெழுகுவத்தி நேந்துக்கவா?"ன்னான். முதலாளி பயபக்தியா, "சரஸ்வதிக்குக் கிளம்ப மனசு வரலை போல"ன்னு சக்கரைப் பொங்கல் வச்சு இன்னொரு பூஜை போட்டாரு. அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் உறுதியா நின்னுச்சு.

தீபாவளிக்கு ஒரு நகைக் கடை ஆர்டர் இருந்துச்சு தம்பி. நகை வாங்குற ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலண்டர். பிரஸ் பொழைக்கிறதே அந்த ஆர்டர்லதான். நாள் ஓடுது. ஒரு பிளேட்டும் ஆகலை. முதலாளி முகம் மாறிடுச்சு. "இந்தாம்மா, நீ புரோகிராம் போட்ட அன்னைக்குப் பிடிச்ச சனியன் இது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா நீ வீட்டோட இருந்துக்க"ன்னுட்டாரு.

பிள்ளை சாப்பிடலை. ஆஸ்பத்திரிக்கு அம்மாவை ஆட்டோவுல தனியா ஏத்தி விட்டுட்டு இங்கே வந்து உக்காந்திருக்கும். வயரைப் பிடுங்கும், சொருகும், நின்னா தானாக் கிளம்புற மாதிரி வச்சுப் பார்க்கும், தலையில கை வச்சுக்கும். "அண்ணாச்சி, யாரும் கை வைக்கலை. வச்சிருந்தா எனக்கு மெசேஜ் வந்திருக்கும். ஒண்ணுகூட வரலை. அப்ப கோளாறு மெஷின்லதான். எங்கேன்னுதான் தெரியலை"ன்னுச்சு. நான் சொன்னேன், "பாப்பா, அந்தப் பல்லி மேல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு." பல்லியைக்கூடப் பிடிச்சு வெளியே விட்டுப் பார்த்தோம். பூசணிக்காய் சரியா உடையலைன்னேன். அது மறுபடி வயரைப் பிடுங்க ஆரம்பிச்சுடுச்சு.

எனக்கா? எனக்கு மெசேஜ் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. முதலாளி படிக்கணும்னு அந்தப் பிள்ளை எல்லாம் தமிழ்லதான் வச்சிருந்துச்சு. "சீனிச்சாமி எடுத்த படத்தின்படி சரிசெய்யப்பட்டது." இதுதான், திருப்பித் திருப்பி. முப்பது வருசம் அந்தக் கம்பெனிக்கு உழைச்சிருக்கேன், ஒருத்தன் என் பேரைச் சொல்லி ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்லை. இது அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லுது. காலையில எந்திரிச்சதும் வரிசையாப் படிப்பேன். என் சம்சாரத்துக்கும் படிச்சுக் காட்டினேன். "பெரிய ஆளாயிட்டீங்களாக்கும்"னா.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. முதலாளி ரூம்ல எல்லாரும் நிக்கிறோம். முத்துமீனா சாவியையும் அடையாள அட்டையையும் மேஜை மேல வச்சுடுச்சு. அழலை. "ஐயா, நான் செஞ்சதுல தப்பு எங்கேன்னு எனக்கே தெரியலை. தெரியாமயே போறேன், அதுதான் கஷ்டமா இருக்கு"ன்னுச்சு. முதலாளிக்கும் சங்கடம், ஜன்னலைப் பார்க்குறாரு. எனக்கு மனசு கேக்கலை. ஆறுதலா ஏதாவது சொல்லணும்னு கையை வீசிப் பேச வசதியா என் போனை மேஜைக் கண்ணாடி மேல வச்சேன்.

வச்சதும் அது அடிச்சுது. என் போன் அடிச்சா நடக்கும் தம்பி. ஒரு தடவை வீட்டு மேஜையிலேர்ந்து நடந்து, படி இறங்கி, நான் டீக்கடையில இருந்தப்ப எனக்கு எதிர்ல வந்துச்சு. அப்படி, கண்ணாடி மேல உர்ருனு நடந்து போய், முதலாளி கைகிட்ட நின்னுச்சு. அவரு எடுத்தாரு. கண்ணாடியை மாட்டிக்கிட்டு சத்தமாப் படிச்சாரு.

"சீனிச்சாமி எடுத்த படத்தின்படி சரிசெய்யப்பட்டது."

கீழே தள்ளினாரு. அதே. இன்னும் தள்ளினாரு. அதே. அத்தனை பேருக்கு முன்னாடி, தம்பி, முதலாளி வாயால என் பேரை ஒரு இருபது முப்பது தடவை வாசிச்சாரு. எனக்கு எங்கே பார்க்கிறதுன்னே தெரியலை. கூச்சமாப் போச்சு.

முத்துமீனாதான் முதல்ல வாயைத் திறந்துச்சு. "அண்ணாச்சி. இது உங்க போனா?"

"ஆமா பாப்பா."

"இந்த மெசேஜ் எப்பலேர்ந்து வருது?"

"விஜயதசமியிலேர்ந்து."

"ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லலை?"

"என் பெருமையை நானே எப்படிம்மா சொல்லிக்கிறது?"

பிள்ளை அப்படியே தரையில உக்காந்துடுச்சு. சிரிச்சுதா அழுதுதான்னு எனக்கு வெளங்கலை, ரெண்டும் இருந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு சர்வர் ரூமுக்கு ஓடுச்சு. அந்த அஷ்டமிப் படத்தையே திரும்பத் தேடி எடுத்து மாட்டுச்சு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், அந்தோணிராஜ் என் வாயைப் பொத்திட்டான். அஞ்சு நிமிஷம் ஆச்சு, நிக்கலை. பத்து நிமிஷம், நிக்கலை. பிளேட் எடுக்கிற மெஷின் கத்த ஆரம்பிச்சுது, கீழே அச்சு மெஷின் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா கிளம்புச்சு. தரை அதிருது. அந்தோணிராஜ் சிலுவை போட்டுக்கிறான், முதலாளி கன்னத்துல போட்டுக்கிறாரு.

ராப்பகலா ஓடி, தீபாவளிக்கு முன்னாடி காலண்டர் போயிடுச்சு. முதலாளி அந்தப் பிள்ளையோட அட்டையைத் தானே எடுத்து அது கழுத்துல மாட்டிவிட்டாரு. அம்மாவைக் கூட்டிட்டுப் போற நாள்ல லீவு எழுதிக் குடுக்க வேண்டாம்னும் சொல்லிட்டாரு. இதுல எனக்குத்தான் ரொம்ப சந்தோசம். நான் அன்னைக்குப் போனைச் சரியா மேஜையில வச்சிருக்கலைன்னா அந்தப் பிள்ளை கதி என்ன?

முதலாளி அதை மறக்கலை. மறுநாளே கூப்பிட்டாரு. "சீனிச்சாமி, உம்ம திறமைக்கு அந்த ரூம் காணாதுய்யா. நீர் வெளியே இருக்க வேண்டிய ஆளு. எவ்வளவு வெளியே முடியுமோ அவ்வளவு வெளியே." அன்னையிலேர்ந்து இந்தப் பைதான். காலண்டர் மாதிரியை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போறேன். இப்ப துவரங்குறிச்சி. நாளைக்கு மணப்பாறை. அந்த ரூமுக்கு விரல் வச்சாத் திறக்கிற பூட்டு போட்டிருக்காங்க. எல்லாருக்கும் திறக்குது, எனக்குத் திறக்கலை. உழைச்ச விரல்ல ரேகை இருக்காதுன்னு அந்தோணிராஜ் சொன்னான். அப்படித்தான் இருக்கும்.

நாற்காலி? அது உள்ளேதான் இருக்கு. பல்லி திரும்பி வந்துடுச்சாம்.

இந்தா, என் போன் அடிக்குது பாருங்க. சாயங்காலம் ஆனா இது வந்துடும். நான் கெஞ்சிக் கேட்டதால முத்துமீனா எனக்கும் ஒண்ணு தினமும் அனுப்ப வச்சிருக்கு. படிங்க. சத்தமாத்தான் படிங்களேன். "இன்று மாற்றம் எதுவும் இல்லை." அவ்வளவுதான். தினமும் இதேதான். ஒரு நாள் கேட்டேன், "பாப்பா, ஓரமா என் பேரை மட்டும் போடக் கூடாதா?"ன்னு. "அண்ணாச்சி, உங்க பேரு வர்ற அன்னைக்கு என் வேலை போயிடும்"னு சிரிச்சுது. தமாசு பண்ணும் அந்தப் பிள்ளை.

துவரங்குறிச்சி வந்துடுச்சு போல. கண்டக்டர், ஒரு ஆள் இறங்கணும்!

இந்தாங்க தம்பி, உங்க போன். அலாரம் விடியக்காலம் நாலு மணிக்கு வச்சிருந்தீங்க. நம்ம காலண்டர்ல பார்த்தேன், நாளைக்கு நல்ல நேரம் ஒன்பதேகாலுக்குத்தான் ஆரம்பிக்குது. அதுக்கு வச்சிருக்கேன். அப்படியே உள்ளே போனப்ப இன்னும் நாலஞ்சு சின்னச் சின்ன விஷயம் கண்ணுல பட்டுச்சு, அதையும் சரி பண்ணியிருக்கேன். எது எதுன்னு இப்ப ஞாபகம் வரலை. ஏன் எந்திரிச்சுட்டீங்க? நீங்க இறங்குறது திருச்சி இல்லையா?

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இந்தப் போன்ல, யாரு சரி பண்ணினாங்கன்னு பேரு வருமா?

வராதா?

என்னத்தப் போன் தம்பி இது.